மாமி தொடாத தேநீர்

கோப்பையின் மேல் ஆடை படரத் தொடங்கிவிட்டது.

பூப்போட்ட புதுக் கோப்பை. அன்று காலையில்தான் அப்பா அதைத் தட்டோடு சேர்த்து வாங்கி வந்திருந்தார். பாலை நன்றாகக் காய்ச்சி, ஏலக்காய் தட்டிப் போட்டு, நானே ஊற்றி, நானே கொண்டுவந்து வைத்த தேநீர். கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு முன்னறை முழுவதும் அந்த ஏலக்காய் வாசனையும், கடையிலிருந்து அப்பாவோடு கூடவே வரும் புகையிலை வாசனையும் கலந்து நின்றன.

என்னைப் பெண் பார்க்க வெள்ளவத்தையிலிருந்து வந்திருந்தார்கள். தரகர் தன் கோப்பையை முடித்து மீசையையும் துடைத்துக்கொண்டார். மாப்பிள்ளை பாதி குடித்திருந்தார். அவருடைய தாயார் மட்டும் தொடவில்லை. கோப்பையைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், மறுபடியும் கோப்பையைப் பார்ப்பார்.

"குடியுங்கோ, ஆறப்போகுது" என்று அம்மா இரண்டாம் முறையும் சொன்னார்.

நல்ல குடும்பத்து அம்மாள் ஒருவர், விரதமும் கோயிலுமாக வாழ்ந்தவர், நான் ஊற்றிய தேநீரைக் கண்டு ஏன் பயந்தார் என்று சொல்ல வேண்டுமானால், நான் கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும். இங்கிலாந்துக்குப் போய், அங்கே ஒரு கொலையைப் பார்த்துவிட்டு, வெள்ளவத்தை வழியாகத் திரும்ப வேண்டும்.

பிரம்பு நாற்காலியில் கிடந்தவை

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான் என்று இந்தப் பத்திரிகையில் சென்ற கிழமையே பெருமையோடு எழுதியிருந்தேன். இந்தக் கிழமையும் எழுதுகிறேன். கிடைத்த பெருமையை ஒரு முறை சொல்லிவிட்டு விட எனக்கு மனமில்லை.

அப்பா சின்ன வயதிலேயே தீவுப் பக்கத்திலிருந்து கொழும்புக்கு வந்து, யாரோ ஒருவரின் சுருட்டுக்கடையில் நின்று, பிறகு கொட்டாஞ்சேனையில் சொந்தமாகச் சுருட்டுக்கடை வைத்தவர். சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. எழுத்து என்றால் கையெழுத்து மட்டும். அம்மாவுக்கு அதுவும் இல்லை. அப்படிப்பட்ட வீட்டில் நான் இங்கிலீஷ் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டு, வெள்ளவத்தையில் ஒரு வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போய்வந்தேன். கோட்டை வரை ட்ராம், பிறகு கடலோர ரயில். திரும்பி வரும்போது முகமெல்லாம் உப்பு ஒட்டியிருக்கும்.

அந்த வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு பறங்கி அம்மையார் தன் முன்னறையில் புத்தகங்களை வாடகைக்கு விட்டுவந்தார். அவரிடம் இரண்டு அலுமாரிகள். ஒன்றில் காதல் கதைகள், மற்றதில் கொலைக் கதைகள்.

இரண்டும் கலந்த புத்தகங்களை எங்கே வைப்பது என்பதுதான் அவருடைய தீராத தலையிடி. காதல் அலுமாரியில் வைத்தால், பெண்கள் பிணத்தைக் கண்டு பயந்து மறுநாளே திருப்பிக் கொண்டுவந்தார்கள். கொலை அலுமாரியில் வைத்தால், ஓய்வுபெற்ற கனவான்கள், நடுவில் இரண்டு அத்தியாயம் பூந்தோட்டத்தில் வீணாகிறது என்று முறையிட்டார்கள். ஆகவே ஜன்னலோரத்தில் ஒரு பழைய பிரம்பு நாற்காலியில் அடுக்கிவிட்டார். கடற்காற்று பட்டு அட்டைகள் அப்பளம் போல வளைந்திருக்கும்.

நான் எடுத்ததெல்லாம் அந்த நாற்காலியிலிருந்துதான்.

அந்தப் புத்தகங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் தொடங்கும். நாட்டுப்புறத்தில் ஒரு பெரிய மாளிகை. வெளியே மழை. உள்ளே விருந்தாளிகள். காலையில் ஒரு பிணம். அந்த மாளிகையில் கட்டாயம் ஓர் இளம்பெண் இருப்பாள். அவளுக்குப் பிரியமான ஒருவன், கொலை நடந்த நேரத்தில் தோட்டத்தில் ஏன் நின்றான் என்று சொல்ல மாட்டான். அவன்தான் செய்தானோ என்று அவள் பயப்படுவாள். அவள்தான் செய்தாளோ என்று அவன் பயப்படுவான். அவனைக் காப்பாற்ற அவள் ஒரு பொய் சொல்வாள். அவளைக் காப்பாற்ற அவன் ஒன்று சொல்வான். இந்த இரண்டு பொய்களும் இல்லாவிட்டால் துப்பறிபவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் வேலையை முடித்துக்கொண்டு ரயில் ஏறிவிடுவார்.

கொலைக் கதைக்குள் காதலை விடக் கூடாது, அது மூளைக்கு மட்டுமான விளையாட்டு என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பத்துப் பேரில் யார் கொலைகாரன் என்பது கணக்கு. நான் விரும்புகிறவன் கொலைகாரனோ என்பதுதான் கதை.

வாசித்ததையெல்லாம் பின்னேரங்களில் அம்மாவுக்கும், அடுத்த வீட்டுச் சுலைஹா உம்மாவுக்கும் தமிழில் சொல்வேன். அம்மா சுளகில் அரிசி புடைத்தபடி கேட்பார். சுலைஹா உம்மா தன் வீட்டுப் பக்கத்து மதிலில் கையை ஊன்றி நின்றபடி கேட்பார். தடயம், சாட்சி எதுவும் அவருக்கு வேண்டியதில்லை. ஆள் உள்ளே வரும்போதே, "இவன் சரியில்ல புள்ள" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். பாதி நேரம் சரியாகவும் இருக்கும். அது எனக்குப் பெரிய எரிச்சல்.

துடக்கு வீட்டில் ஒரு துப்பறிபவர்

நான் பாடம் சொல்லிக் கொடுத்த வீட்டுக்கு எதிரே ஒரு சின்ன அச்சுக்கூடம் இருந்தது. அங்கிருந்து வியாழக்கிழமை தோறும் ஒரு தமிழ் வாரப் பத்திரிகை வெளிவந்தது. நீங்கள் கையில் வைத்திருக்கும் இது அல்ல. அது இப்போது நின்றுவிட்டது. அதன் ஆசிரியர் ஒல்லியான மனிதர். மை பட்ட விரலால் மூக்குக் கண்ணாடியைத் தள்ளித் தள்ளி மூக்கும் கறுத்திருக்கும். நாற்காலிப் புத்தகங்களின் மாதிரியில் நானே ஒரு துப்பறியும் கதை கட்டி அவரிடம் கொண்டுபோனேன். அவர் முதல் அத்தியாயத்தை நின்றபடியே வாசித்தார். போடுகிறேன் என்றார்.

கதை இதுதான். சேர் எட்மண்ட் என்று ஒரு பெரிய நிலச்சுவான்தார். அவருடைய இரண்டு ஆண்பிள்ளைகளும் அவருக்கு முன்பே இறந்துவிட்டார்கள். மூத்தவருக்கு நெல்லி என்று ஒரே மகள். இளையவருக்கு ரொபேட் என்று ஒரே மகன். ரொபேட்டின் தாய் கிளாரா அந்த மாளிகையிலேயே இருக்கிறாள். நெல்லிக்கு அவள் சின்னம்மா. சிறு வயதிலேயே வெளியூர்ப் பள்ளிக்கும் பிறகு கப்பல் உத்தியோகத்துக்கும் போன ரொபேட், பல வருடங்களுக்குப் பின் மாளிகைக்கு வருகிறான். அவனும் நெல்லியும் அப்போதுதான் முதன்முதலாக ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். சில நாளில் சேர் எட்மண்ட் மாலைத் தேநீரைக் குடித்தபடியே சரிகிறார். தேநீரில் நஞ்சு. சொத்து முழுவதும் ஆண் வாரிசான ரொபேட்டுக்கு வரும். ஆகவே எல்லாரும் ரொபேட்டைப் பார்க்கிறார்கள். நெல்லி அவனுக்காக ஒரு பொய் சொல்கிறாள்.

கடைசியில் குடும்ப வக்கீல்தான் கொலைகாரன் என்று காட்டுவதாக யோசித்திருந்தேன்.

முதல் எதிர்ப்பு வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. அச்சுக்குக் கொடுக்குமுன் அத்தியாயத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவது வழக்கம். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் பூந்தோட்டத்தில் ரொபேட் நெல்லியின் கையைப் பிடித்தான்.

"என்ன பிள்ளை, துடக்கு வீட்டில கலியாணக் கதையோ?" என்றார் அம்மா. "முப்பத்தொண்டும் முடியேல்லை. அவையளுக்கு அந்தியேட்டி இல்லையோ?"

செத்த வீட்டுத் தீட்டும் முப்பத்தொன்றாம் நாள் கிரியையும் அங்கே இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அப்படியானால் அந்தக் கிழவனின் ஆவி எப்படிக் கரை சேரும் என்று கேட்டார். கையைப் பிடிக்கும் கட்டத்தை முப்பத்தொன்றுக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். அதுவரை துப்பறிபவருக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. அவரைப் பக்கத்து ஆற்றில் மீன் பிடிக்க அனுப்பினேன். அந்த மீன் பிடிக்கும் அத்தியாயம் மிக நன்றாக இருந்தது என்று பலர் பாராட்டினார்கள்.

இந்தச் சமயத்தில்தான் தரகர் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார். வெள்ளவத்தையில் ஒரு கிளாக்கர் மாப்பிள்ளை, ஒரே மகன், தாயாரோடு இருக்கிறார் என்றார். எனக்கு அப்போது கலியாணம் வேண்டாம். எழுத வேண்டும். அதை அப்பாவிடம் சொன்னேன். அப்பா கொஞ்சம் யோசித்தார். மற்றப் பத்திரிகைகளைக் கிழித்துச் சுருட்டுச் சுற்றிக் கொடுப்பவர், என் கதை வந்த பத்திரிகையில் மட்டும் ஒரு நாளும் சுற்றிக் கொடுத்ததில்லை.

"பேப்பரில பிள்ளையின்ர கதை ஓடுது" என்று தரகரிடம் சொன்னார். "ஓடுமட்டும் இந்தக் கலியாணக் கதை வேண்டாம். நிண்டால் வாரும்."

தரகர் அன்றிலிருந்து என் கதையைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கத் தொடங்கினார். எப்போது நிற்கும் என்று பார்க்க.

நெல்லிக்கு ரொபேட் என்ன முறை?

கையைப் பிடித்த அத்தியாயம் வெளிவந்த மறுநாள் ஆசிரியர் ஆள் அனுப்பினார். அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துக்களின் மணம். அவர் என்னை இருக்கச் சொல்லிவிட்டு, தான் நின்றார்.

"தங்கச்சி, நெல்லிக்கு ரொபேட் என்ன முறை?"

"சித்தப்பாவின்ர மகன்."

"சித்தப்பாவின்ர மகன் என்ன முறை?"

விரல் மடித்து எண்ணத் தொடங்கினேன்.

"தமையன்" என்றார் அவர். "உம்மட கதாநாயகி தமையன்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிலவில நிக்கிறா. மருதானையில என்ர ஏசண்டு ஒரு பேப்பரும் விக்காமல் கட்டோட திருப்பி அனுப்பிப்போட்டான்."

உண்மையாகவே எனக்கு அது உறைக்கவில்லை. நாற்காலிப் புத்தகங்களில் சித்தப்பா மகனைக் கட்டுகிறார்கள், பெரியப்பா மகனைக் கட்டுகிறார்கள், மாமா மகனையும் கட்டுகிறார்கள். எல்லாரும் ஒரே வரிசை. அத்தனை படித்த தலைக்குள் அது அப்படியே போய் உட்கார்ந்துவிட்டது. அம்மா கூட அந்த வரியைக் கேட்கும்போது துடக்குக் கணக்கில் இருந்தபடியால் தவறவிட்டுவிட்டார்.

அங்கே வழக்கம் வேறு என்று ஆசிரியரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைத் தள்ளினார்.

"அவை இங்கிலீஷில கட்டட்டும், தங்கச்சி. தமிழில கட்ட ஏலாது."

வருகிற அத்தியாயத்தில் சரிசெய்யாவிட்டால் கதையை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் கைமருந்துக் குறிப்புப் போடப்போவதாகச் சொன்னார். சளிக்கும் சமிபாட்டுக்கும். அவர் கெட்டவர் அல்ல. பத்திரிகை விற்க வேண்டும்.

ரயிலில் திரும்பும்போது கடல் பக்கம் பார்க்கவே இல்லை. கதை நின்றால் தரகர் மறுநாளே வாசலில் நிற்பார். பிறகு எழுத்தும் நின்ற மாதிரித்தான்.

ரொபேட்டை மாமன் மகன் என்று மாற்றலாமா என்று யோசித்தேன். மாமன் மகன் என்றால் சேர் எட்மண்டின் வாரிசு அல்ல. வாரிசு அல்ல என்றால் அவன் மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. சந்தேகம் இல்லை என்றால் நெல்லி பொய் சொல்லத் தேவையில்லை. பிறகு கதையே இல்லை. அதோடு, சித்தப்பா மகன் என்று ஏற்கெனவே அச்சில் வந்துவிட்டது. சரி, காதலை எடுத்துவிடலாமா? எடுத்தால் கணக்கு மட்டும் மிஞ்சும். ஓய்வுபெற்ற கனவான்களுக்குப் பிடிக்கும், எனக்குப் பிடிக்காது. காதலும் கொலையும் ஒரே ஆணியில் தொங்கின. ஒன்றைக் கழற்றினால் மற்றது விழும்.

வீட்டில் சொன்னேன். அம்மா நெற்றியில் கைவைத்தார். உங்கள் ஆட்களில் சித்தப்பா மகனைக் கட்டலாமா என்று சுலைஹா உம்மாவைக் கேட்டேன்.

"எங்கட மார்க்கத்துல தடயில்ல" என்றார் மதிலுக்கு மேலால். "ஆனா எங்கட வீடுகள்லயும் அத யாரும் செய்யிறல்ல, புள்ள. ஒண்ணா வளந்த மாதிரி ஒரு கூச்சம் ஈக்கிதானே."

அந்தக் கதவும் அடைத்துக்கொண்டது.

தாய்ப் பகுதி

கதை ஆட்டம் காண்கிறது என்று எப்படித்தான் மூக்கில் வியர்த்ததோ, தரகர் வந்துவிட்டார். சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்றார். அப்பா கடையில். அம்மா கதவு நிலையில் நின்றபடி, பேச்சுக்குப் பேச்சாக அந்த வெள்ளவத்தைக் குடும்பத்தைப் பற்றி விசாரித்தார். நான் குசினியில் தேநீர் வடித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா விசாரிக்கிற விதத்தை எந்தத் துப்பறிபவரும் பார்த்திருக்க வேண்டும். ஒரு கேள்விக்கும் அடுத்ததற்கும் நடுவே நல்ல இடைவெளி விடுவார். எதிரில் இருப்பவர் அந்த இடைவெளியை நிரப்ப ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும். தரகர் மாப்பிள்ளையின் அப்பப்பாவிலிருந்து தொடங்கி, தகப்பன் வழி முழுவதும் சொல்லி முடித்தார்.

"தகப்பன் பகுதி விளங்குது" என்றார் அம்மா. "தாய்ப் பகுதி ஆர்? தாய்க்குத் தமையன்மார் இருக்கினமோ?"

நான் வடிகட்டியைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டேன்.

என் கதையில் தாய்ப் பகுதியே இல்லை. சேர் எட்மண்ட், அவருடைய பிள்ளைகள், அவருடைய சொத்து, அவருடைய பெயர். கிளாரா எங்கிருந்து வந்தாள், அவளுக்குத் தமையன் உண்டா, நான் எழுதவே இல்லை. நாற்காலிப் புத்தகங்களில் அதை யாரும் கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை. எழுதாத இடமெல்லாம் எனக்குத்தானே சொந்தம்.

தரகருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பும்வரை பொறுத்திருந்தேன். பிறகு அம்மாவைச் சுளகோடு பிடித்து உட்கார வைத்து, புதிதாகக் கட்டிய மீதிக் கதையைச் சொன்னேன்.

கிளாராவுக்குப் பிள்ளை இல்லை. புருஷன் கப்பலில். அவளுடைய தமையன் மனைவி ஓர் ஆண் குழந்தையைப் பெற்றுவிட்டு இறந்துபோகிறாள். கிளாரா அந்தக் குழந்தையை எடுத்துவந்து, தான் பெற்றதென்று ஊரை நம்ப வைக்கிறாள். வாரிசு இருந்தால்தானே அந்த மாளிகையில் அவளுக்கு இடம். சேர் எட்மண்டுக்குக் கடைசிக் காலத்தில் உண்மை தெரியவருகிறது. அவர் வாயைத் திறக்குமுன் தேநீர் வருகிறது.

"அப்ப ரொபேட் கிளாராவின்ர தமையன்ர மகன்" என்றேன். "சின்னம்மாவின்ர தமையன் நெல்லிக்கு என்ன முறை, அம்மா?"

"மாமன்."

"மாமன்ர மகன்?"

அம்மா சுளகைக் கீழே வைத்தார். "மச்சான்" என்றார். சொந்த மகளுக்குச் சம்பந்தம் கூடிவந்தது போல முகம் மலர்ந்தது. "அசல் முறை மச்சான். அப்ப காணி பூமி ஆருக்கு?"

"ரொபேட் வாரிசு இல்லையெண்டால் நெல்லிக்குத்தான்."

"அப்ப அது அவனுக்குச் சீதனமாய்ப் போகுது. மாமியாய் வரப்போற கிளாரா என்னவாம்?"

"தூக்குமேடை."

அம்மா சற்று யோசித்தார். "மாமி கரைச்சலும் இல்லை" என்றார். "நல்ல இடம்."

மதிலுக்கு மேலால் சுலைஹா உம்மாவின் தலை தெரிந்தது. முதலிலிருந்தே நின்று கேட்டிருக்கிறார். "அந்த சின்னம்மாட மொகத்த பாத்தா சரியில்லண்டு நான் மொதல் நாளே சொன்னேனே" என்றார். கிளாராவின் முகத்தை நான் வர்ணித்ததே இல்லை.

சம்பந்தியின் நிபந்தனை

ரொபேட்டின் பிறப்பு இரகசியம் வெளிவந்த கிழமை மருதானை ஏசண்டு கூடுதலாகப் பிரதி கேட்டார். ஆசிரியர் ஒரு புது மூக்குக் கண்ணாடி வாங்கினார்; இரண்டுக்கும் சம்பந்தம் உண்டோ தெரியாது. கொலைகாரி யார் என்பதை மட்டும் கடைசி அத்தியாயத்துக்கு ஒளித்து வைத்தேன். அந்த முடிவு நன்றாக அமைந்தால் உடனே அடுத்த தொடர்கதையும் எனக்குத்தான் என்று ஆசிரியர் வாக்குக் கொடுத்தார்.

"அடுத்த வாரம் முடியும்" என்று பத்திரிகையில் வந்ததும் தரகர் வந்தார். அப்பா கொடுத்த வார்த்தை கொடுத்ததுதான். வரச் சொல்லிவிட்டார். பிறகுதான் தரகர் மெல்ல ஒரு விஷயத்தை அவிழ்த்தார். பெண் படித்தது அவர்களுக்குச் சந்தோஷம். ஆனால் சம்பந்தம் சரிவந்த நாளிலிருந்து எழுத்து வேண்டாமாம். மாப்பிள்ளையின் தாயார் அப்படிச் சொல்லிவிட்டாராம்.

நான் எழுத்தை விட மாட்டேன் என்றேன்.

"அதை நான் அவைக்கு என்னண்டு சொல்லுறது, பிள்ளை?" என்றார் அப்பா. கோபமில்லாமல்தான் கேட்டார். அவருக்கு உண்மையிலேயே வழி தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்று புதுக் கோப்பை வாங்கினார்.

எந்தக் கையால்?

இனித் தேநீருக்குத் திரும்புவோம். ஆடை நன்றாகத் தடித்துவிட்டது.

மாப்பிள்ளையின் தாயாரான இந்த அம்மாளுக்குக் கண் மங்கல். வியாழக்கிழமைகளில் மகன் கந்தோர் வேலை முடிந்து வந்ததும் என் கதையை வாசிக்கச் சொல்லிக் கேட்பாராம். அந்தக் கிழமை அத்தியாயத்தின் கடைசி வரி: "சேர் எட்மண்டின் கோப்பையில் நஞ்சைக் கலக்கியது ஒரு பெண்ணின் கை." அதைக் கேட்ட மூன்றாம் நாள், அதை எழுதிய கை அவருக்குத் தேநீர் நீட்டியது.

"பிள்ளை, உதுக்குள்ள என்ன போட்டிருக்கு?"

"ஏலக்காய், மாமி."

"வேற?"

"சீனி."

தரகர் இருமினார். அம்மாள் கதிரையை என் பக்கம் கொஞ்சம் இழுத்தார். குரலைத் தாழ்த்தினார்.

"கிழவனுக்கு வைச்சது கிளாராவோ?"

என் வாழ்க்கையில் நேரே வந்து முடிவைக் கேட்ட முதல் வாசகர் அவர். சொல்லியிருந்தால் அந்த நிமிடமே அவர் மனம் குளிர்ந்திருக்கும். கதவு நிலையிலிருந்து அம்மா சொல், சொல் என்று கண்ணால் கெஞ்சினார்.

"வியாழக்கிழமை பேப்பரில வரும், மாமி" என்றேன்.

"நாங்கள் சம்பந்தம் செய்ய வந்த ஆக்கள். எங்களுக்கும் சொல்லப்படாதோ?"

"சம்பந்தம் சரிவந்த நாளிலிருந்து எழுதக் கூடாதெண்டு சொல்லி அனுப்பியிருக்கிறியள். இண்டைக்குச் சரிவந்தால் கடைசி அத்தியாயம் எழுதேலாது. பிறகு ஆர் வைச்சதெண்டு ஒருத்தருக்கும் தெரியாமலே போயிடும், மாமி."

அப்பா கூரையைப் பார்த்தார். அம்மாள் கோப்பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பயம் ஒரு பக்கம் இழுக்க, ஆசை மறு பக்கம் இழுக்க, பார்க்கப் பாவமாக இருந்தது.

அப்போது ஒரு சிரிப்புக் கேட்டது. மாப்பிள்ளை எட்டித் தாயாரின் கோப்பையை எடுத்தார். ஆடையோடு ஒரே மூச்சில் குடித்தார்.

"நஞ்செண்டால் நான் போறன், அம்மா" என்றார். "நீங்கள் இருந்து முடிவைக் கேட்டுக்கொண்டு வாங்கோ." பிறகு என் பக்கம் திரும்பினார். "கதை நல்ல கதைதான். ஆனால் ஒரு இடத்தில பிழை விட்டிட்டியள்."

பெண் பார்க்க வந்தால் தலையைக் குனிந்திருக்க வேண்டும் என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். என் எழுத்தில் பிழை என்று ஒருவர் சொன்னால் எனக்குத் தலை தானாக நிமிரும்.

"என்ன பிழை?"

"கிழவன் சாகிறதுக்கு முந்தின அத்தியாயத்தில கிளாராவின்ர வலது கையில காயம், கட்டுப் போட்டிருக்கு எண்டு எழுதினனீங்கள். அந்தக் கையால என்னண்டு தேத்தண்ணி கலக்கிறது?"

"இடது கையால கலக்கினவ" என்றேன் பட்டென்று.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.

அம்மாள் தொடையில் தட்டினார். "கிளாராதான்" என்றார் மகனிடம். "நான் அண்டைக்கே சொன்னனான், தம்பி. சொன்னனானோ இல்லையோ?" முகத்தில் பயம் போன இடம் தெரியவில்லை. கொலைகாரி கிளாரா என்று தெரிந்ததும் என் மேலிருந்த சந்தேகம் தீர்ந்துபோன மாதிரி, இன்னொரு தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்தேன். ஊதி ஊதிக் குடித்தபடி, அடுத்த கதை எப்போது தொடங்குகிறது என்று கேட்டார்.

"எழுத்து வேண்டாமெண்டெல்லோ..." என்று தரகர் இழுத்தார்.

"அது முந்தி" என்றார் அம்மாள்.

அவர்கள் போன பிறகு குழாயடியில் உட்கார்ந்து கோப்பைகளைக் கழுவினேன். கடைசிக் கோப்பையில் ஆடை ஒட்டியிருந்த இடத்தைத் தேய்க்கும்போது, கிளாராவின் கையில் நான் எப்போது காயம் எழுதினேன் என்று யோசித்தேன். என் கதையின் ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம். முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். மறுபடியும் ஓட்டிப் பார்த்தேன்.

காயமும் இல்லை, கட்டும் இல்லை. நான் எழுதவே இல்லை.

தாயாரைத் தேநீர் குடிக்க வைக்கவும், என் வாயிலிருந்து முடிவைக் கறக்கவும், அந்த மனிதர் இருந்த இடத்தில் இருந்தபடியே ஒரு தடயத்தை உண்டாக்கியிருக்கிறார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஈரக் கையோடு தனியே சிரித்துக்கொண்டிருந்தேன்.

என்ன சொல்லி அனுப்புவது என்று அம்மா பின்னால் வந்து நின்றார்.

"ஓம் எண்டு சொல்லுங்கோ" என்றேன்.

அந்த வியாழக்கிழமை கடைசி அத்தியாயம் வெளிவந்தது. அதில் கிளாரா, ரோஜாச் செடி வெட்டும்போது வலது கையைக் கிழித்துக்கொள்கிறாள். கட்டுப் போடுகிறாள். நஞ்சை இடது கையால் கலக்குகிறாள். அந்தக் காயம் கதைக்கு எதற்கு என்று ஆசிரியர் கேட்டார். இருக்கட்டும் ஐயா என்றேன். அது யாருக்கு என்று வெள்ளவத்தையில் ஒருவருக்குத் தெரியும்.